மகரந்தம் உருவாக டிஎன்ஏ ஏன் அறுபட வேண்டும்? கவுனியும் பூவனும் விதைநெல்லும்

பள்ளத்தூர்ப் பக்கம் வீடு, தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்று சொல்லி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "செடி மகரந்தம் உண்டாக்கும்போது தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். நிஜமா? எந்த மரபணுக்கள் வெட்டுகின்றன, எவை சேர்த்துவைக்கின்றன? எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கருப்புக் கவுனி விதையை எடுத்துவைத்துத்தான் போடுகிறோம், மாறாமல் வருகிறது. வீரிய ஒட்டு ரகத்தில் அப்படி எடுத்துவைத்தால் கலந்துபோகிறது. கொல்லையில் நிற்கும் பூவன் வாழையில் விதையே இல்லை. இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையதா?"

நிஜம்தான். தற்செயலாக ஓரிடத்தில் ஈரிடத்தில் நடப்பதும் அல்ல. அராபிடாப்சிஸ் என்கிற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் கணக்கெடுத்திருக்கிறார்கள். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி மகரந்தத்தையும் முட்டையையும் உண்டாக்கும் செல் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு (மியாசிஸ்) என்று பெயர். அதற்குள் நுழையும் ஒவ்வொரு செல்லிலும் 150 முதல் 250 இடங்களில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுக்கப்படுகின்றன. சாதாரணச் செல்லில் இப்படி ஓர் அறுப்பு சரியாகாமல் நின்றாலே செல் பிழைப்பது சந்தேகம். அப்படியிருக்க, அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டிய செல்லில் போய் நூற்றுக்கணக்கில் அறுப்பானேன்?

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்றல் பகுப்பு என்பது, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பழைய வேலை வேறொரு காரியத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. பாடப்புத்தகத்தில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஓர் அத்தியாயத்திலும் குன்றல் பகுப்பு வேறோர் அத்தியாயத்திலும் இருப்பதால் இந்த உறவு மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. மரபணுப் பட்டியலைப் பார்த்தால் இரண்டிலும் பாதிப்பேர் ஒரே ஆட்கள்.

முதலில் அன்றாடப் பழுது. நம் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். சாக்கோட்டையிலோ கானாடுகாத்தானிலோ சித்திரை மாதத்தில் ஒரு நெல் வயலுக்கோ எள்ளுக்கொல்லைக்கோ ஓடி ஒளிய இடமில்லை. புற ஊதாக் கதிர் படும்போது டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் காரங்கள் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். நகலெடுக்கும் நொதி அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். இதைப் பிரித்துவிட ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வேலை செய்யத் தேவைப்படும் சக்தியையும் வெளிச்சத்திலிருந்தே, நீல ஒளியிலிருந்தும் அதையொட்டிய புற ஊதா ஒளியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கெடுக்கிற வெயிலுக்குள்ளேயே சரிசெய்கிற ஒளியும் இருக்கிறது. மனிதருக்கு இந்த நொதி கிடையாது. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகள் எல்லாமே இதை இழந்துவிட்டன. அராபிடாப்சிஸில் இதற்கான மரபணு யுவிஆர்2.

நெல்லில் இதற்கு அருமையான ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானில் சசானிஷிகி, நோரின்1 என்று இரண்டு ரகங்கள். முதலாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும், இரண்டாவது தாங்காது. ஏன் என்று தேடிப் போனால், ஃபோட்டோலையேஸ் புரதத்தில் 126ஆம் இடத்தில் குளூட்டமின் இருக்கவேண்டியதற்குப் பதிலாக நோரின்1இல் அர்ஜினின் இருக்கிறது. வித்தியாசம் அந்த ஒரே அமினோ அமிலம். ரகத் தேர்வு செய்கிறவர்கள் மகசூல், பூச்சி, தண்ணீர் எல்லாம் பார்க்கிறார்கள். பழுதுபார்க்கும் திறனையும் ஒரு குணமாகப் பார்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வெயில் கூடிக்கொண்டே போகும் மானாவாரிப் பூமிக்கு அது இன்னும் அவசியம்.

ஒட்டிக்கொண்ட தைமின் சின்னப் பழுது. ஓர் இழைதான் கெட்டிருக்கிறது, எதிர் இழை பத்திரமாக இருக்கிறது. இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால்தான் ஆபத்து. அறுப்பு நேர்ந்ததும் ஏடிஎம் என்ற புரதம் அதை உணர்ந்து சேதி சொல்லும். நகலெடுப்பு பாதியில் தடைப்பட்டு நின்றால் அதைச் சொல்வது ஏடிஆர். சேதி போய்ச் சேருமிடம் சாக்1. மனிதரில் பி53 என்ற புரதம் செய்கிற காவலைச் செடிகளில் சாக்1 செய்கிறது. செடிகளுக்கு பி53 இல்லவே இல்லை. செல் பிரிவதை நிறுத்துவது, பழுதுபார்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவது, முடியாத பட்சத்தில் அந்தச் செல்லைச் சாகவிடுவது எல்லாம் சாக்1 எடுக்கும் முடிவு.

அறுந்ததைச் சேர்க்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, கியூ70, கியூ80, லிகேஸ்4 முதலானவை இரண்டு முனைகளையும் பிடித்து அப்படியே ஒட்டிவிடுவது. சீக்கிரம் முடியும், ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் விடுபடலாம் அல்லது கூடலாம். இன்னொன்று, அதே எழுத்துகள் உள்ள வேறொரு டிஎன்ஏவைத் தேடிப் பிடித்து அதைப் பார்த்து எழுதிக்கொள்வது. கொண்டுவிற்கப் போன நம்மூர்க்காரர்கள் ரங்கூன் கடையில் ஒரு பேரேடும் ஊரில் ஒரு பிரதியும் வைத்திருந்தால், ஒன்றில் பக்கம் கிழிந்தபோது மற்றதைப் பார்த்து எழுதியிருப்பார்கள் அல்லவா, அந்த வழி. இதற்குத் தலைமை ராட்51 என்ற புரதம். அதை அறுந்த முனையில் கொண்டுபோய் ஏற்றிவைப்பது பிஆர்சிஏ2. ஆமாம், மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துச் செய்தித்தாளில் படிக்கிறோமே அதே குடும்பத்து மரபணுதான். அராபிடாப்சிஸில் அது இரண்டு பிரதிகளாக இருக்கிறது. நம் உடம்பில் இது கெட்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. செடிக்குள் செல்கள் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் இடம் விட்டு இடம் பரவ முடியாது; அங்கே இது கெட்டால் வேறு தொல்லை, விதை பிடிக்காது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம்.

நெல்லுக்கு 24 குரோமோசோம்கள். தாய்வழி 12, தந்தைவழி 12. மகரந்தத்துக்கும் சூல் முட்டைக்கும் 12தான் போகவேண்டும், ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் தவறாமல் ஒன்று. அப்படிப் பிரிய வேண்டுமென்றால் முதலில் அந்தந்த ஜோடி ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கைகோத்து நிற்கவேண்டும். குரோமோசோமுக்குக் கண்ணும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. தன் ஜோடியை அது எழுத்துகளை ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். எழுத்துகளை ஒப்பிட்டுத் தேடும் ஒரே ஏற்பாடு செல்லிடம் ஏற்கெனவே இருந்தது, மேலே சொன்ன ராட்51 வழி. ஆனால் அந்த வழி திறப்பது டிஎன்ஏ அறுந்தால் மட்டுமே. அதனால்தான் செடி தானே அறுக்கிறது.

அறுப்பது ஸ்போ11. இதன் வேலையை 1997இல் முதலில் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்துவதற்காக வெட்டி உடனே ஒட்டிவிடும் டோபோஐசோமரேஸ்6 என்ற பழைய நொதியின் உறவுக்காரர் இது. உறவினர் வெட்டி ஒட்டுவார். ஸ்போ11 வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, வெட்டிய முனையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். செடிகளில் ஸ்போ11-1, ஸ்போ11-2 இரண்டும் சேர்ந்தால்தான் வெட்டு விழும். எம்டாப்விஐபி என்ற துணையும் வேண்டும். அராபிடாப்சிஸில் ஸ்போ11-3 என்று மூன்றாமவர் ஒருவர் உண்டு, அவருக்குக் குன்றல் பகுப்போடு சம்பந்தமில்லை, பழைய முறுக்குத் தளர்த்தும் வேலையிலேயே இருந்துவிட்டார்.

முனையில் ஒட்டி நிற்கும் ஸ்போ11ஐ எம்ஆர்இ11, ராட்50, என்பிஎஸ்1 கூட்டணியும் காம்1 புரதமும் கத்தரித்து அகற்றுகின்றன. பிறகு ஓர் இழை கொஞ்சதூரம் அரிக்கப்பட்டு, மறு இழை வால்போல நீண்டு நிற்கும். அந்த வாலில் ராட்51உம் அதன் சகோதரப் புரதமான டிஎம்சி1உம் ஏறிக்கொள்ளும். டிஎம்சி1 குன்றல் பகுப்புக்கென்றே உள்ளது. சாதாரணச் செல்லில் பழுது நேர்ந்தால், இப்போதுதான் நகலெடுத்துப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சகோதர இழையை, அதாவது அதே குரோமோசோமின் மறுபிரதியைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம், எழுத்துப் பிசகாது. குன்றல் பகுப்பிலோ டிஎம்சி1 அந்தச் சுலபமான பிரதியை விட்டுவிட்டு, வேறு பெற்றோரிடமிருந்து வந்த ஜோடிக் குரோமோசோமிடம் போகிறது. முழு விஷயத்துக்கும் இதுதான் திருப்புமுனை.

மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். ராட்51 இல்லாத அராபிடாப்சிஸில் வெட்டுகள் விழுகின்றன, சேர்ப்பார் இல்லை; குரோமோசோம்கள் துண்டு துண்டாகச் சிதறிவிடுகின்றன. டிஎம்சி1 இல்லாவிட்டால் அப்படிச் சிதறுவதில்லை. ராட்51 சகோதர இழையைப் பார்த்து எல்லா அறுப்பையும் ஒழுங்காகச் சரிசெய்துவிடும். ஆனால் ஜோடி சேர்வதில்லை, ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியாக நின்று, ஏதோ ஒரு பக்கம் இழுபட்டுப்போகும். பழுது சரியாகிவிட்டது, விதை பிடிக்கவில்லை. நல்ல பழுதுபார்ப்பு மட்டும் போதாது, யாரைப் பார்த்துப் பழுதுபார்க்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஸ்போ11ஐயே எடுத்துவிட்டால்? வெட்டும் இல்லை, சிதறலும் இல்லை, ஜோடியும் இல்லை.

இப்படிப்பட்ட செடிகளை வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். நன்றாகத் தூர் கட்டும், பச்சைப்பசேலென்று வளரும், கதிரும் தள்ளும். கையில் உருவிப் பார்த்தால் பதர். நெல்லில் பேர்1 என்ற மரபணுவை இப்படித்தான் பிடித்தார்கள். நெல்லுக்குள்ளேயே இருக்கும் டாஸ்17 என்ற தாவும் மரபணு அங்கங்கே போய் உட்கார்ந்து கெடுத்த செடிகளை வளர்த்து, அவற்றில் நெல்மணி பிடிக்காதவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். பேர்1 இல்லையென்றால் ஸ்போ11 வெட்டே விழுவதில்லை.

விவசாய வீட்டுப் பிள்ளை என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். நெல்லில் இந்தக் கூத்தெல்லாம் நடப்பது கதிர் வெளியே வருவதற்கு ஏறக்குறைய 10, 12 நாள் முன்பு, பொதி கட்டும் சமயத்தில், கண்ணாடி இலையின் உறைக்குள்ளே. வெளியே யாருக்கும் தெரியாது. சரியாக அந்த நேரத்தில் கண்மாய் வற்றிவிட்டாலோ, கடும் குளிரோ கடும் சூடோ தாக்கினாலோ மகரந்தம் கெட்டுப்போகும். கதிர் வந்தபிறகு தண்ணீர் கட்டினாலும் பதர் பதர்தான். "பொதியில காய விடாதே" என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் செல்லுக்குள் நடக்கும் இந்த வேலையும் இருக்கிறது.

சரி, 150, 200 வெட்டு விழுந்தால் அத்தனையிலும் தாய்வழி, தந்தைவழித் துண்டுகள் இடம் மாறுமா? மாறாது. அராபிடாப்சிஸில் ஐந்து ஜோடிக்கும் சேர்த்துப் பத்து இடம் போலத்தான் முழு இடமாற்றம், அதாவது குறுக்கேற்றம், நடக்கிறது. நெல்லில் 12 ஜோடிக்கு ஏறக்குறைய 30. மற்ற வெட்டுகள் எல்லாம் ஜோடியைப் பார்த்துச் சிறிது எழுதிக்கொண்டு, பழைய இடத்திலேயே மூடிக்கொள்கின்றன. ஜோடிக்கு ஒரு குறுக்கேற்றமாவது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பிரியும்போது இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம். ஒன்று விழுந்த இடத்துக்கு அருகில் இன்னொன்று விழுவதும் அபூர்வம்.

எந்த வெட்டு குறுக்கேற்றமாக வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்திலும் பழைய பழுதுபார்ப்பு ஆட்களையே பார்க்கலாம். எம்எஸ்எச்2 என்ற புரதம் நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழையைத் திருத்துவது. பிழைதிருத்தும் இந்த ஏற்பாட்டை விளக்கியதற்காகத்தான் பால் மோட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உடன் பெற்ற தாமஸ் லிண்டால், அசீஸ் சன்ஜார் இருவரும் டிஎன்ஏ பழுதுபார்ப்பின் வேறு வழிகளைக் கண்டவர்கள். இந்த எம்எஸ்எச்2இன் உறவினரான எம்எஸ்எச்4, எம்எஸ்எச்5 இரண்டும் பிழைதிருத்துவதை அறவே விட்டுவிட்டு, குறுக்கேற்றத்தைக் கட்டிக் காப்பதையே தொழிலாகக் கொண்டுவிட்டன. எம்எஸ்எச்4ஐ எடுத்துவிட்டால் குறுக்கேற்றம் ஏழில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். எம்எல்எச்1 மட்டும் பிழைதிருத்தம், குறுக்கேற்றம் இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. இவர்களோடு ஹெய்10, ஜிப்4, மெர்3. ஹெய்10 எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பக் குறுக்கேற்றம் கூடுகிறது என்பதும் தெரிந்திருக்கிறது.

எதிர்க்கட்சியும் உண்டு. எஃப்ஏஎன்சிஎம், ரெக்யூ4, ஃபிகல்1 ஆகியவை குறுக்கேற்றத்தைத் தடுப்பவை. எஃப்ஏஎன்சிஎம்மின் இந்தக் குணம் 2012இல் வெளியானது. 2018இல் ரெக்யூ4ஐ நெல், பட்டாணி, தக்காளி மூன்றிலும் கெடுத்துப் பார்த்தபோது குறுக்கேற்றம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. பயிர் இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஏனென்று கவுனியை வைத்துச் சொல்கிறேன்.

கவுனியின் கருப்பு அரிசியின் மேல்தோலில் இருக்கிறது. புதுவயல் ஆலையில் கொடுத்து நன்றாகத் தீட்டிவிட்டால் கருப்பும் தவிட்டோடு போய்விடும், அதனால்தான் கவுனியைத் தீட்டாமல் வாங்கச் சொல்வது. அந்தக் கருப்புக்கு காலா1, காலா3, காலா4 என்று மூன்று மரபணு இடங்கள் தேவை. இவற்றில் காலா4 நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. 2015இல் வந்த ஆய்வில் தெரிந்தது இது: காலா4 புதிதாக முளைத்த மரபணு அல்ல. எல்லா நெல்லிலும் இருக்கும் மரபணுதான். எப்போதோ ஒரு செடியில் அதன் முன்பகுதியில் டிஎன்ஏ அறுந்து இடம் மாறி அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மரபணு அரிசித் தோலிலும் வேலை செய்யத் தொடங்கி, நிறமி சேர்ந்தது. நெல்லில் ஜப்போனிகா, இண்டிகா என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. அது முதலில் நேர்ந்தது வெப்பமண்டல ஜப்போனிகா வகை நெல்லில். பிறகு கலப்பின் மூலம் அந்தத் துண்டு மட்டும் இண்டிகா ரகங்களுக்குள்ளும் போயிருக்கிறது. முன்பின்னாகச் சேர்ந்துகொண்ட ஓர் அறுப்பு கருப்பைத் தந்தது, குறுக்கேற்றம் அதை ரகம் விட்டு ரகம் கடத்தியது. நகரத்தார் பர்மாவுக்குப் போய்வந்த வழியில்தான் கவுனி நம் பக்கம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். விருந்தில் ஆச்சிமார் கிண்டும் கவுனி அரிசிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பயணம் இருக்கிறது.

அப்படியானால் உங்கள் வயலில் கவுனி ஏன் மாறாமல் வருகிறது? நெல் பூ தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்வது. அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. தலைமுறை தலைமுறையாக இப்படியே வந்ததில், ஜோடியின் இரண்டு குரோமோசோமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. ஸ்போ11 வெட்டத்தான் செய்கிறது, குறுக்கேற்றமும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே மாதிரியான இரண்டுக்குள் என்ன மாற்றிக்கொண்டாலும் வெளியில் வித்தியாசம் தெரியாது. வீரிய ஒட்டு ரகத்தில் ஜோடியின் இரண்டும் வேறு வேறு ரகத்திலிருந்து வந்தவை. அந்தச் செடி பூக்கும்போது ஒவ்வொரு மகரந்தத்துக்கும் ஒவ்வொரு கலவை போகிறது. அடுத்த வருஷம் வயலில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி.

கவுனிக்காரர்கள் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று. அரிசித் தோல் தாய்ச்செடியின் திசு. பக்கத்து வயல் வெள்ளை ரகத்தின் மகரந்தம் உங்கள் கவுனிப் பூவில் விழுந்துவிட்டாலும் அந்த மணி கருப்பாகத்தான் இருக்கும். பார்த்துக் கழிக்க முடியாது. அடுத்த முறை விதைத்து, அந்தச் செடி வளர்ந்து, அதன் பிள்ளைகளில்தான் வெள்ளையும் சிவப்பும் தலைகாட்டும். ஆகவே விதைக்கு எடுப்பதை மணியைப் பார்த்து எடுக்காதீர்கள், நிற்கிற பயிரிலேயே உயரம், கதிர், பூக்கும் நாள் ஒத்துவருகிற செடிகளாகப் பார்த்து, வரப்போரத்தை விட்டு, நடுவயலில் எடுங்கள்.

ரெக்யூ4 விஷயம் இங்கேதான் பொருந்தும். பாரம்பரியக் கவுனி நெட்டையாக வளர்ந்து சாயும், நாளும் அதிகம் எடுக்கும். கருப்பை மட்டும் எடுத்துக் குட்டை ரகத்தில் சேர்க்க நினைத்தால், காலா4க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேண்டாத மரபணுக்களும் கூடவே வந்துவிடும். அவற்றைக் கழற்றிவிட, சரியான இடத்தில் குறுக்கேற்றம் விழவேண்டும். ஒரு செல்லில் முப்பதுதான் விழும் என்றால் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்துத் தேடவேண்டும். தொண்ணூறு விழுந்தால் வேலை எவ்வளவு குறையும் பாருங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கவுனி கோ 57 என்று சாயாத கருப்பு ரகம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அது வழக்கமான இனப்பெருக்க முறையில் பொறுமையாகச் செய்யப்பட்டது. அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

எதிர்த்திசையிலும் யோசித்திருக்கிறார்கள், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒட்டு ரகம் கலந்துபோகக் காரணம் குன்றல் பகுப்பு என்றால், குன்றல் பகுப்பையே நிறுத்திவிட்டால்? 2009இல் அராபிடாப்சிஸில் மூன்று மரபணுக்களைச் சேர்த்துக் கெடுத்தார்கள். ஸ்போ11-1 போனதால் வெட்டும் குறுக்கேற்றமும் இல்லை. ரெக்8 போனதால் சகோதர இழைகள் முதல் பிரிவிலேயே பிரிந்துவிடும். ஓஎஸ்டி1 போனதால் இரண்டாம் பிரிவு நடக்காது. விளைவு, குன்றல் பகுப்பு இருந்த இடத்தில் மைட்டாசிஸ், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை மாறாத சாதாரணச் செல் பிரிவு. இதை நெல்லில் செய்தபோது ஸ்போ11க்குப் பதிலாக முன்னே சொன்ன பேர்1ஐ எடுத்தார்கள். ஆனால் அப்படி வந்த முட்டையில் தாயின் 24உம் இருக்கும், மகரந்தம் சேர்ந்தால் எண்ணிக்கை இரட்டித்துவிடும். முட்டை மகரந்தம் சேராமலே கருவாக வேண்டும். அதற்கு பிபிஎம்1 என்ற மரபணுவை முட்டைச் செல்லில் வேலை செய்யவைத்தார்கள். கலிபோர்னியாவில் வெங்கடேசன் சுந்தரேசனின் ஆய்வுக்குழு 2019இல் இரண்டையும் இணைத்து, தாயை அச்சாகக் கொண்ட விதைகளை நெல்லில் எடுத்துக் காட்டியது. 2022இல் வணிக ஒட்டு நெல் ஒன்றில் 95 சதவீதத்துக்கு மேல் அப்படிப்பட்ட விதை வந்தது. இது வயலுக்கு வந்தால் ஒட்டு ரகத்தையும் விவசாயி தன் வீட்டிலேயே விதையெடுத்துப் போடலாம். கடனை வாங்கி வருஷா வருஷம் விதை வாங்குகிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதை யாருடைய பெயரில் காப்புரிமை போட்டுப் பூட்டுகிறார்கள் என்பதையும் நாம் விழிப்பாகப் பார்க்கவேண்டும்.

பூவன் வாழைக்கு வருகிறேன். அதில் வெட்டுவதிலோ சேர்ப்பதிலோ கோளாறில்லை, எண்ணிக்கையில்தான் கோளாறு. காட்டு வாழைக்கு 11 ஜோடி. பூவன், ரஸ்தாளி, மொந்தன் எல்லாம் மும்மயம், 11இல் மூன்று தொகுதி, மொத்தம் 33. பூவனில் இரண்டு தொகுதி ஒரு காட்டினத்திலிருந்தும் ஒன்று வேறொரு காட்டினத்திலிருந்தும் வந்தவை. மூன்று பேர் நிற்கும்போது இருவர் சேர்ந்தால் ஒருவர் தனி, அவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல முடியாது. மகரந்தமும் முட்டையும் பெரும்பாலும் வீணாகின்றன. விதை பிடிக்காமலே காய் பருக்கும் குணம் வாழைக்குத் தனியாக இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது. எல்லா மும்மய வாழையும் முழு மலடு என்றும் இல்லை. கற்பூரவல்லியில் எப்போதாவது பல்லில் கறுப்பு விதை தட்டுப்படும். பக்கக்கன்றிலிருந்தே பக்கக்கன்று என்று வருவதால் குறுக்கேற்றத்துக்கு வாய்ப்பில்லை, புதுக் கலவை கிடையாது. ஒரு நோய் ஒரு மரத்தை வீழ்த்தினால் அதே மாதிரி மரங்கள் அத்தனையும் அதற்கு இரைதான். திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கலப்பினம் உண்டாக்கப் பாடுபடுகிறவர்களுக்கு இருக்கும் பெரிய சிரமமே இந்தக் குன்றல் பகுப்புதான்.

விதைநெல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. காய்ந்த விதைக்குள் டிஎன்ஏ கெட்டுக்கொண்டேதான் இருக்கும். ஈரம் இல்லாததால் பழுதுபார்க்கும் நொதிகள் வேலை செய்ய முடியாது. பழுதெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். விதையை ஊறவைத்ததும் முதலில் நடப்பது பழுதுபார்ப்பு, அதற்கப்புறம்தான் செல் பிரிவது. அராபிடாப்சிஸில் டிஎன்ஏ லிகேஸ்6 இல்லாத விதைகள் முளைக்கத் தாமதிக்கும், சீக்கிரமே கிழடுதட்டும். முன்னே பார்த்த ஏடிஎம் இங்கேயும் வருகிறது: பழைய விதையில் பழுது தீரும்வரை முளைப்பைத் தள்ளிப்போட வைப்பது அதுதான். அவசரப்பட்டு முளைத்தால் கெட்ட குரோமோசோமோடு முளைக்கும். பழைய விதைநெல் இரண்டு நாள் பிந்தி முளை கட்டுவதற்கு இதுவும் காரணம்.

சேமிப்பில் செய்யக்கூடியது பழுது சேரும் வேகத்தைக் குறைப்பது. விதையின் ஈரம் 14 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போது, ஒவ்வொரு சதவீதம் குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி உயரத்தில் வைத்த முறையில் இந்த அறிவு இருக்கிறது. மானாவாரி விதைப்புக்கு முன் விதையை ஊறவைத்து மீண்டும் நிழலில் காயவைத்துக் கடினப்படுத்தச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த ஊறல் நேரத்திலும் உள்ளே பழுதுபார்ப்பு ஒரு சுற்று நடந்துவிடுகிறது.

மரபணுத் திருத்தம் பற்றியும் ஒரு வரி. கிரிஸ்பர் முறையில் நாம் செய்வது குறித்த இடத்தில் ஓர் அறுப்பு மட்டுமே. சேர்ப்பது செடியின் கியூ70, லிகேஸ்4 கூட்டம். சேர்க்கும்போது அது விடுகிற சிறு பிழைதான் நமக்கு வேண்டிய திருத்தம். 2025 மே மாதம் இந்தியா அறிவித்த டிஆர்ஆர் தான் 100, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 ஆகிய இரண்டு நெல் ரகங்களும் இப்படி வந்தவை.

கடைசியாக, இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். டிஎன்ஏ வெட்டைக் கல்லூரி நுண்ணோக்கியில் பார்க்க முடியாது, ஆனால் ஜோடி சேர்ந்து நிற்கும் குரோமோசோம்களைப் பார்க்கலாம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் செய்த ஆராய்ச்சியும், 1945இல் ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்க் குரோமோசோம் தொகுப்பும் இப்படிக் குரோமோசோம்களைப் பார்த்து எண்ணியதில் எழுந்தவை. வெங்காயப் பூங்கொத்தோ மக்காச்சோளத்தின் ஆண் பூங்கொத்தோ வெளியே விரிவதற்கு முன்பே, காலை நேரத்தில் எடுங்கள். மூன்று பங்கு எத்தில் ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் ஒரு நாள் போட்டுவையுங்கள். பிறகு வெவ்வேறு அளவு மொட்டுகளிலிருந்து மகரந்தப்பையை எடுத்து, அசிட்டோகார்மின் சொட்டில் நசுக்கி, மூடுதகட்டை அழுத்திப் பாருங்கள். மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் பகுப்பு முடிந்துவிட்டது, இன்னும் சின்ன மொட்டுக்குப் போங்கள். வீட்டு முகப்பில் தொட்டியில் வைக்கிற, இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரியோ செடி கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் 12 குரோமோசோம்களும் முன்னொரு காலத்தில் அறுந்து ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொண்டவை. அதனால் ஆறு ஜோடியாக நிற்காமல், பன்னிரண்டும் ஒரே வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொண்டு நிற்கும். நசுக்கும்போது மெதுவாக அழுத்தினால் வளையம் அறுபடாமல் கிடைக்கும்.